தாயை வெறுக்கச் சொன்னாரா ஆண்டவர்?

சென்ற தவக்காலத்தில் எம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் கண்ணீரும் கம்பலையுமாகப் பங்கு இல்லத்திற்கு வந்தார். அவருடைய ஒரே மகன் ஜெபக்குழு ஒன்றில் சேர்ந்தபின் தாயை வந்து பார்ப்பதுமில்லை. மருந்துச் செலவுக்குப் பணம் தருவதுமில்லை. கேட்டால், லூக்காஸ் நற்செய்தி 14-ஆம் அதிகாரம், 26-ஆம் வசனத்தைக் காட்டுகிறானாம். பெற்றோரை வெறுக்காதவன் தமக்குச் சீடனாக முடியாதென்று ஆண்டவர் அவ்விடத்தில் உரைத்திருப்பது மெய்யே.

மகனை வரவழைத்தேன். "சுவாமி, எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறேன். இது குற்றமா?" என்றான்.

நம்புவது குற்றமன்று. எழுதியிருப்பது யாது என்பதன்றோ கேள்வி! இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 12-ஆம் பத்தி இதற்கு வழிகாட்டுகிறது. இறைவன் மனிதர் வாயிலாக, மனிதர் பேசும் முறையிலேயே பேசினார். ஆதலின் திருநூலாசிரியர் தம் காலத்து வழக்கில் எதனைக் கூறக் கருதினார் என்பதை ஆராய்தல் வேண்டும். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1943-லேயே இதனை வற்புறுத்தியிருந்தார்.

எபிரேயர் வழக்கில் இருவரை ஒப்பிட்டு, ஒருவரை மிகுதியாக நேசிப்பதை 'நேசித்தான்' என்றும், மற்றவரைக் குறைவாக நேசிப்பதை 'வெறுத்தான்' என்றும் கூறுவதுண்டு. ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகம் நேசித்தார் என்கிறது 30-ஆம் வசனம். அடுத்த வசனமோ லேயாள் வெறுக்கப்பட்டாள் என்கிறது! அந்த 'வெறுக்கப்பட்டவள்' யாக்கோபுக்கு ஆறு புதல்வரைப் பெற்றாள் என்பதையும் மறவாதீர்கள். ஆண்டவரின் இதே போதனையை மத்தேயு (10:37) எழுதும்போது, பெற்றோரைத் தம்மைவிட மிகுதியாக நேசித்தலாகாது என்றே எழுதுகிறார்.

அதே 12-ஆம் பத்தி, திருநூல் முழுவதன் ஒருமையையும் திருச்சபையின் உயிருள்ள பாரம்பரியத்தையும் மனத்திற்கொண்டு படிக்கப் பணிக்கிறது. எனவே அவ்விளைஞனை மாற்கு 7-ஆம் அதிகாரத்தை உரக்க வாசிக்கச் சொன்னேன். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைவிரித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளும் பகுதி அது. பாதியில் அவன் குரல் தாழ்ந்தது.

இதனால் லூக்காஸ் வசனத்தின் கூர்மை மழுங்கிவிடவில்லை. மழுங்கச் செய்யும் பிரசங்கிகள்மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. எருசலேம் நோக்கிச் செல்லும் வழியில், தம் பின்னே திரண்ட கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன சொல் அது. பெற்றோர் கிறிஸ்துவுக்கு எதிராக நின்றால் எவர் பக்கம் நிற்பாய் என்று அது இன்றும் கேட்கிறது. இந்தத் தாயோ, மகன் ஜெபிக்கப் போவதை ஒருநாளும் தடுத்தவரல்லர்.

"நான் இதுவரை அந்த ஒரு வசனத்தை மட்டுமே படித்தேன், சுவாமி" என்றான் அவன். போகும்போது தாயின் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிச் சென்றான். ஜெபக்குழுவுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.