சொந்தச் சர்வரில் கண்டெய்னர் இமேஜ்கள்

ஒரு கணினியில் செவ்வனே இயங்கும் நிரல் மற்றொன்றில் இயங்க மறுப்பதுண்டு. நிரலில் பழுது இல்லாவிடினும், அது சார்ந்துள்ள துணை நிரல்களின் பதிப்புகள் கணினிக்குக் கணினி வேறுபடுவது இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். நிரலையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் ஒருசேரக் கட்டிய பொதி 'இமேஜ்' எனப்படும். அதிலிருந்து தொடங்கி, கணினியின் பிற பணிகளினின்று பிரிந்து இயங்குவது 'கண்டெய்னர்'. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டாக்கர்' என்னும் மென்பொருள் இம்முறையைப் பரவச் செய்தது.

இமேஜைக் கட்டும் விதம் 'டாக்கர்ஃபைல்' என்னும் சிறு கோப்பில் வரிசையாக எழுதப்படுகிறது. கோப்புகளைச் சேர்க்கும் அல்லது மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் ஓர் அடுக்கை உண்டாக்கும். அடுக்கின் உள்ளடக்கத்தைக் கொண்டே 'ஷா-256' என்ற கணித முறையால் அதன் அடையாளம் கணிக்கப்படுகிறது. ஆகவே சேருமிடத்தில் ஏற்கெனவே உள்ள அடுக்கு மீண்டும் அனுப்பப்படுவதில்லை. ஓர் அடுக்கு மாறினால் அதன் மேலுள்ளவற்றையும் புதிதாகக் கட்ட நேரும். ஆதலால் அரிதாக மாறுவனவற்றை முதலிலும், அடிக்கடி மாறுவனவற்றை இறுதியிலும் வைப்பது நன்று.

இமேஜ்களைச் சேமித்து வழங்கும் பண்டகசாலை 'ரெஜிஸ்ட்ரி' ஆகும். பொதுப் பண்டகசாலையான டாக்கர் ஹப், பதிவு செய்யாதோர் 6 மணி நேரத்தில் 100 முறை மட்டுமே இமேஜ் பெறலாம் என்ற வரம்பை 2020 நவம்பரில் விதித்தது. இக்கணக்கு இணைய முகவரியைப் பொறுத்தது. 40 கணினிகள் ஒரே முகவரி வழியாக வெளிச்செல்லும் பயிற்சிக்கூடத்தில், ஒவ்வொன்றும் 3 இமேஜ்களைக் கோரினால் 120 முறையாகிவிடும்; இத்தகைய வரம்பின்கீழ்ப் பாடம் நடுவிலேயே தடைப்படும். கூடத்தின் சர்வரிலேயே ரெஜிஸ்ட்ரி இருப்பின், 3 இமேஜ்களையும் ஒருமுறை வரவழைத்தாற் போதும். இதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதுவும் ஒரு கண்டெய்னராகவே இயங்கவல்லது.

எனினும், பண்டகசாலையை வைத்திருப்போருக்குச் சில கடமைகளும் உண்டு. பிற கணினிகள் அணுகுமாயின், மறையாக்கச் சான்றிதழும் கடவுச்சொல்லும் அவசியம். இமேஜினுள் இரகசியச் சொற்களை ஒருபோதும் வைத்தலாகாது. பின்னர் வரும் கட்டளையால் அழித்தாலும், முந்தைய அடுக்கில் அவை எஞ்சியே நிற்கும்.

இமேஜ் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்களில் பரவலாக உபயோகமாகும் 'லாக்4ஜே' என்ற துணை நிரலில் கடும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. சர்வரை மட்டும் புதுப்பிப்பதால், இமேஜினுள் உறைந்திருந்த பழைய பிரதியின் அபாயம் நீங்கவில்லை. திருத்திய பதிப்புடன் இமேஜை மீண்டும் கட்டி, அதிலிருந்து கண்டெய்னரைப் புதிதாகத் தொடங்குவதே பரிகாரமாயிற்று. ஆகையால் டாக்கர்ஃபைலைப் பத்திரமாகப் பேணி, குறித்த கால இடைவெளியில் இமேஜ்களைக் கட்டிவருதல் பொறுப்பாளரின் நிரந்தரப் பணியாகும்.