இரண்டாம் வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

கம்போங் குவாந்தானில் இருட்டியபின் சம்பானில் போனால், சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மின்னி அணைவதைப் பார்க்கலாம். அந்த ஒளியை ஏற்றச் சொல்லிப் பூச்சியின் நரம்பு அனுப்பும் தூது, ஆக்டோபமின் என்ற வேதிப்பொருள். நம் மூளையில் சுரக்கும் நோரட்ரினலினுக்கு அது நெருங்கிய உறவு. கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளும் இதே குடும்பத்து வேதிப்பொருள்களைத்தான் தொடுகின்றன. பிறகு ஏன் அவை பலன் தர வாரக்கணக்கில் ஆகின்றன?

இந்தக் கேள்வி நமக்கு மிக அவசியமானது. 2023-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் பத்து லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கிறார்கள். 2019 ஆய்வில் பெரியவர்களிடையே இது 2.3 விழுக்காடாக இருந்தது. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களும் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்க்க முடியும். ஆனால் மாத்திரையை வாங்கி வந்தபின், "பத்து நாளா சாப்பிடுறேன், வயித்தைப் பொரட்டுது, மனசு மட்டும் அப்படியேதான் இருக்கு" என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர்.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம், ஃபுளுஒக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் செய்வது இதுதான்: ஒரு நரம்பணு வெளியிட்ட செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதத்தை அடைத்துவிடுகின்றன. இந்த அடைப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். நரம்பணுக்களுக்கு இடையில் செரோட்டோனின் கூடும். குடலிலும் செரோட்டோனின் நிறைய இருப்பதால் குமட்டல் முதலில் வருகிறது. நிம்மதி பின்னால்தான் வருகிறது.

தாமதத்துக்கு ஒரு காரணம் மூளைத்தண்டில் இருக்கிறது. அங்கே ராஃபே என்ற சிறு பகுதியின் அணுக்கள்தாம் மூளை முழுவதற்கும் செரோட்டோனினை அனுப்புகின்றன. அந்த அணுக்களின் மேலேயே காவல் ஏற்பிகள் உண்டு. செரோட்டோனின் திடீரென்று கூடியதும் அவை "போதும், குறை" என்று அணுவை அடக்கிவிடுகின்றன. மாத்திரை ஒரு பக்கம் ஏற்ற, மூளை மறுபக்கம் இறக்குகிறது. இரண்டு மூன்று வாரம் விடாமல் மருந்து போனபின் அந்த ஏற்பிகளின் உணர்திறன் மழுங்கி, அணுக்கள் மீண்டும் வேகம் பிடிக்கின்றன. விலங்குகளில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன.

அடுத்த கட்டம் இன்னும் மெதுவானது. மருந்து தொடரும்போது, நரம்பணுக்களை வளர்க்கும் பி.டி.என்.எஃப் என்ற புரதத்தின் செயல்பாடு கூடுகிறது. அணுக்களுக்கு இடையே புதிய இணைப்புகள் உருவாக வழி பிறக்கிறது. எலிகளில், நினைவிலும் உணர்விலும் பங்குள்ள ஹிப்போகாம்பஸ் பகுதியில் புது அணுக்கள் பிறப்பதையும் பார்த்திருக்கிறார்கள். செம்பனைக்கு இன்று உரம் போட்டால் குலை நாளை பெருத்துவிடுமா? வளர்வதற்கு அதற்குரிய காலம் வேண்டும்.

1950-களில் மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் தற்செயலாகக் கிடைத்தபோது இதெல்லாம் யாருக்கும் தெரியாது. காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் நோயாளிகளை உற்சாகப்படுத்தியது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரிசர்பின், இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட சிலரைச் சோர்வில் தள்ளியது. அது மூளையின் செரோட்டோனினையும் நோரட்ரினலினையும் வற்றச் செய்யும் மருந்து. இவற்றைச் சேர்த்துப் பார்த்தே, 'இந்த வேதிப்பொருள்கள் குறைவதுதான் மனச்சோர்வு' என்ற கருத்து எழுந்தது. அது இன்று போதாது. செரோட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் வந்த விரிவான மீளாய்வு சொன்னது. அதற்காக மருந்து பயனற்றது என்று ஆகாது. 2018-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட பகுப்பாய்வு, 522 சோதனைகளில் 21 மருந்துகளை ஒப்பிட்டது. எல்லாமே மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக இருந்தன. வித்தியாசம் சராசரியில் மிதமானதே. ஒரு மருந்து சேராதவருக்கு இன்னொன்று சேரலாம்.

ஆகவே நாள்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். குமட்டல், படபடப்பு, தூக்கக் கோளாறு முதல் இரண்டு வாரங்களில் வந்து பெரும்பாலும் தணியும். மனத்தின் இறுக்கம் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தளரத் தொடங்கும். முழுப் பலனை அறிய ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். குணம் தெரிந்தபின்பும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். திடீரென்று விட்டால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். 25 வயதுக்குட்பட்டவர்களை முதல் வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் உதவிச் சேவை இருக்கிறது. தற்கொலை முயற்சி 2023 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. போலீசுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை.

மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை வைத்து, 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லி ஒருவரை ஒருவர் கேலி செய்வது நம்மிடம் பழகிப்போன ஒன்று. அந்தக் கேலிக்குப் பயந்து மாத்திரையை அலமாரியில் ஒளித்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது இம்மருந்தைத் தொடங்கியிருந்தால், "இன்னுமா சரியாகல?" என்று கேட்காதீர்கள். வேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுங்கள், அடுத்த சந்திப்புக்குக் கூடவே போங்கள். மூளைக்குத் தேவைப்படும் அந்த ஆறு வாரத்தை அவர்களுக்கு வாங்கித் தர நம்மால் முடியும்.