ரத்தம் யாருக்குச் சொந்தம்?



"அவன் என் ரத்தம்", "கவலையில ரத்தம் சுண்டிப் போச்சு", "ரத்தத்தை வேர்வையா சிந்தி சம்பாதிச்ச காசு" என்று நம்ம பேச்சில் ரத்தம் வராத நாளே கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து "ஒரு பாட்டில் ரத்தம் வேணும், உங்க ஆளுங்க யாராவது கொடுக்கிறீங்களா?" என்று கேட்டால் கூட்டம் மெல்லக் கலைந்துவிடும். ஊசிக்குப் பயந்து மட்டும் இப்படி நடப்பதில்லை. ரத்தத்தைப் பற்றி நாம் மனசில் வைத்திருக்கிற எண்ணங்களும் சேர்ந்துதான் தடுக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் பார்ப்போமா?

முதல் எண்ணம், ரத்தம் பானையில் இருக்கிற அரிசி மாதிரி, எடுத்தால் குறையும் என்பது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் சுமார் மூணே கால் லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் எடுப்பது 350 மில்லி. நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பு அணுக்கள் ஒன்று இரண்டு மாதத்தில் வந்துவிடும். இரும்புச்சத்து நிரம்பத்தான் இன்னும் நாளாகும். அதனால்தான் ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம், பெண்கள் 4 மாதம் விட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பயம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. "உழைக்கிற ஆம்பள, ரத்தம் கொடுத்தா தெம்பு போயிடும்" என்று கணவரையும் மகனையும் பின்னால் தள்ளிவிட்டு, "எங்கிட்ட எடுங்க" என்று முன்னால் வந்து நிற்பது அம்மாவோ மனைவியோதான். கல்யாணமாகாத பெண் கொடுத்தால் பிள்ளை பிறக்காது என்று பயப்படுகிற வீடுகளும் உண்டு. அதில் உண்மை கிடையாது. களை எடுக்கவும் நாற்று நடவும் போகிற நாம் உழைக்கிறவர்கள் கணக்கில் வரவில்லை, பார்த்தீர்களா!

அடுத்தது சொந்த ரத்தம். "சொந்தக்காரங்க ரத்தம்னா நல்லா சேரும், வெளியாள் ரத்தம் எந்த சாதியோ, என்ன குணமோ" என்பார்கள். 1901-இல் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் ரத்தப் பிரிவுகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. அம்மாவுக்கு ஓ பிரிவு, பிள்ளைக்கு ஏ பிரிவு என்றால் பத்து மாதம் சுமந்து பெற்ற அந்தப் பிள்ளையின் ரத்தத்தை அம்மாவுக்கு ஏற்றக் கூடாது. முன்பின் தெரியாத ஒருவருக்கு ஓ பிரிவாக இருந்தால் அவருடைய ரத்தம் அம்மாவுக்குச் சேரும். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போடச் சொல்வதும் இந்தப் பிரிவு வித்தியாசத்தால்தான். இனிமேல் பிள்ளை பெறப் போகிற பெண்ணுக்குக் கணவர் ரத்தத்தை ஏற்றுவதை மருத்துவர்கள் கூடியவரை தவிர்ப்பார்கள். பின்னால் வரும் கர்ப்பத்தில் சிக்கல் வரலாம் என்பதுதான் காரணம். நெருங்கிய சொந்தத்தின் ரத்தம் என்றால் அதைக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். சாதியைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் ஒன்று சொல்லலாம்: பையின் மேல் பிரிவும் தேதியும்தான் ஒட்டியிருக்கும், யார் கொடுத்தது என்று இருக்காது.

மூன்றாவது, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. ரத்தம் கொடுப்பது தானமா, கடனா, சேமிப்பா? குழுவில் இருக்கிற நமக்கு இந்த மூணுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ஒரு காலத்தில் அது வியாபாரமாகவே இருந்தது. வேலை கிடைக்காத கூலியாட்களும் ரிக்‌ஷாக்காரர்களும் சாப்பாட்டுக்காக ரத்தத்தை விற்றார்கள். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. இப்போது ரத்தத்துக்கு விலை கிடையாது. சோதனை செய்கிற, பாதுகாக்கிற செலவுக்குத்தான் தனியார் இடங்களில் கட்டணம்.

விற்பது நின்ற பிறகும் கடன் நிற்கவில்லை. "ஒரு பாட்டில் எடுத்தீங்க, பதிலுக்கு ஆள் கூட்டி வாங்க" என்கிறார்கள். சொந்தம் பெரிதாக இருக்கிற குடும்பம் சமாளித்துவிடும். கணவர் வெளியூரில் வேலை, பிறந்த வீடு தூரம், கூடவே இருப்பது வயசான மாமியார் மட்டும் என்றால் அந்தப் பெண் யாரைக் கூட்டி வருவாள்?

பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் போய்விடலாம். அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஓடி வந்து கொடுத்தாலும் அதை அப்படியே ஏற்ற முடியாது. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனை முடிய வேண்டும். ஆகவே அவள் உயிர், யாரோ எப்போதோ கொடுத்து அலமாரியில் தயாராக இருக்கும் பையில்தான் இருக்கிறது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி கலந்த ரத்தம் ஏற்றப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். சோதனையும், கொடுக்கிறவர் படிவத்தில் மறைக்காமல் பதில் சொல்வதும் எவ்வளவு முக்கியம் என்று அதிலிருந்து தெரிகிறது.

வாரம் தவறாமல் நாம் போடும் சந்தாவில் அந்த வாரம் யார் கடன் வாங்கப் போகிறார்கள் என்று பார்த்தா போடுகிறோம்? ரத்த வங்கியும் அப்படித்தான். ஆனால் பணம் மாதிரி இதைத் தேக்கி வைக்க முடியாது. சாதாரணமாக 35 நாள், சில கலவை சேர்த்தால் 42 நாள். டெங்குக் காய்ச்சலில் கேட்பார்களே, அந்தத் தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் குவிந்துவிட்டு, கோடையில் கல்லூரி மூடியதும் அலமாரி காலியாகக் கிடந்தால் என்ன பயன்? (ரத்தத்தால் தலைவர் படம் வரைகிறார்களே, அது யார் உடம்புக்கும் உதவாது.)

சரி, நாம் கொடுக்கலாமா? 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக் கூடாது. கர்ப்பமாக இருக்கும்போதும், பிரசவமாகி ஒரு வருடம் வரையும், பால் கொடுக்கும் காலம் முழுவதும், மாதவிலக்கு நாட்களிலும் கூடாது. மாதவிலக்கு நாளில் வேண்டாம் என்பது தீட்டு என்பதால் அல்ல, அந்த நாட்களில் உடம்பு ஏற்கெனவே ரத்தத்தை இழக்கிறது என்பதால்தான்.

இதில் நம்மைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அந்த 12.5 என்ற எண்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது நூறில் ஐம்பது பேருக்கு மேல். அந்த ஆய்வில் 12-க்குக் கீழே இருந்தால்தான் சோகை என்று கணக்கு. 12.5 என்று பார்த்தால் இன்னும் அதிகம் பேர் வெளியே நிற்பார்கள். பிரசவத்தில் அதிகம் ரத்தம் தேவைப்படுவது நமக்கு, ஆனால் கொடுக்க வரிசையில் நின்றால் "உங்களுக்கே பத்தலம்மா" என்கிறார்கள். முகாமிலிருந்து தலை குனிந்து திரும்பும் பெண்ணைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது. அவள் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கத்துக்கும் அந்த எண்ணில் பங்கு உண்டு. அவள் அங்கே நின்றதால் அவளுக்கு சோகை இருப்பது தெரிந்ததே, அது ஒரு லாபம்தான்.

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி, இருக்கிற காசை அதில் போட வேண்டாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், கறி எடுக்கும் நாளில் ஈரல், சுவரொட்டி. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் வீண். மாத்திரை போட்டு மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது இயல்பு. பூச்சி மாத்திரையை அக்கா, தங்கை என்று பார்க்காமல் வீட்டில் எல்லோரும் டாக்டர் சொல்கிறபடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் சோதனைக்குக் காசு கிடையாது. குழுவாகப் போனால் கூலி போகாத நாளாகப் பார்த்து எல்லோரும் ஒன்றாகப் போய் வரலாம். முதல் முறையும், மாத்திரை சாப்பிட்டு மூன்று மாதம் கழித்தும் பாருங்கள். எண்ணைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டாம், தீர்மான நோட்டிலும் எழுத வேண்டாம். ஒரு சீட்டில் குறித்து அவரவர் பாஸ்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். 12.5 தாண்டியவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுக்கலாம். கூடவே வீட்டுக்காரர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.