கண்ணாடி அடுப்பு வாங்கப் போகிறீர்களா?

சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்கும் வீடுகளுக்குள்ளும் கண்ணாடி அடுப்பு வந்துவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் பளபளக்கும் கண்ணாடியெல்லாம் ஒரே ரகம் அல்ல!

காஸ் அடுப்பின் மேல் இருப்பது, காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்துப் பலமேற்றிய கண்ணாடி. ஆயினும் சூட்டோடு தண்ணீர் பட்டால் சிதறக்கூடும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் இருப்பது கண்ணாடிப் பீங்கான். 1953-ல் அமெரிக்காவின் கார்னிங் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூக்கி என்பவரின் உலை 600 டிகிரிக்குப் பதில் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. அந்தக் கோளாறில் பிறந்த குடும்பம் இது! சூட்டைத் தாங்கும். ஆனால் காந்தம் ஒட்டும் பாத்திரத்தைத்தான் ஏற்கும். சீராக வந்த பித்தளை ஆகாது; எவர்சில்வரிலும் பல ஆகா. கடைக்குப் போகுமுன் ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் அடுப்போடு பாத்திரச் செலவும் சேரும்.

துடைப்பது எப்படி? முதலில் ஆறவிடுங்கள். பிறகு சோப்பு நீரில் பிழிந்த பழைய வேட்டித் துண்டு போதும். பால் பொங்கிக் காய்ந்த கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, கால் மணி ஊறவிடுங்கள். கம்பி நாரும் சாம்பலும் கூடவே கூடாது. கீறல் கண்ணாடியின் பலத்தைக் குறைக்கும்.

இண்டக்‌ஷனில் வெல்லப்பாகு சிந்தினால் மட்டும் காத்திராதீர்கள். அடுப்பை அணைத்து, இறுகுமுன் மரக்கரண்டியால் கை சுடாமல் வழித்துவிடுங்கள்.

விரிசல் கண்டால்? அன்றே அந்த அடுப்புக்கு ஓய்வு கொடுங்கள். கண்ணாடியை மாற்றலாம், கையை மாற்ற முடியுமா?