வெயிலுக்கு எச்சரிக்கை உண்டு, புழுக்கத்துக்கு?

மே 4-ல் கத்திரி தொடங்குகிறது. அதற்குள் பதில் வேண்டும் என்று புத்தூர், நகரி, நாராயணவனம் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தைச் சொல்கின்றன: 43 டிகிரி என்று செய்தி வந்த நாளில் வேலை ஓடியது, 37 என்று வந்த நாளில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டோம், இது எப்படி? வெயில் வேறு, புழுக்கம் வேறு என்று தமிழ் எப்போதோ பிரித்துவைத்துவிட்டது. இந்திய வானிலைத் துறையின் வெப்ப அலை வரையறை முதலாவதை மட்டுமே அளக்கிறது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூட வேண்டும். அல்லது நேரே 45-ஐத் தொட வேண்டும். அதுவும் ஒரு வானிலை உட்கோட்டத்தில் குறைந்தது 2 நிலையங்களில், 2 நாள் தொடர்ந்து. அறிவிப்பு வருவது 2-வது நாளில்தான். கடலோர நிலையங்களுக்கு 40-க்குப் பதில் 37 போதும் என்று ஒரு சலுகை உண்டு; புத்தூர் கடலோரம் அல்ல, ஆந்திரத்தின் ராயலசீமா. ஆகவே காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கி, 37 டிகிரியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் மாலை இந்தக் கணக்கில் நுழையவே முடியாது.

உடம்பின் கணக்கு வேறு. தசை எடுத்துக்கொள்ளும் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் வேலையாகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். சும்மா உட்கார்ந்திருப்பவரே 100 வாட் பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் அந்தச் சூட்டுக்கு ஒரே வாசல், வியர்வை காய்வது. ஒரு லிட்டர் வியர்வை முழுக்கக் காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் கூடவே போகும். வழிந்து சொட்டினால் ஒன்றும் போகாது, தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம். காற்று காய்ந்த நாளில் சில்லென்று இருக்கும் மண்பானை, மழைக்கு முந்தைய நாளில் வெறுமனே நனைந்து நிற்பதும் இதனால்தான். எண்ணில் பாருங்கள். 35 டிகிரித் தோலின் மேல் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். 44 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள மதியக் காற்றில் அது 1.8, 37 டிகிரியும் 65 சதவீதமும் உள்ள மாலைக் காற்றில் 4.1. வியர்வையை இழுக்கும் விசை முதல் காற்றில் 3.8, இரண்டாவதில் 1.5. அந்த மதியக் காற்று உடம்பைச் சுடத்தான் செய்யும், மறுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் இருக்கும்வரை உடம்பு அந்தக் கடனை அடைத்துவிடும். மாலைக் காற்றில் தண்ணீர் இருந்தும் அடைக்க வழியில்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது இந்தப் பக்கத்துத் தறிக்கூடம். பருத்தி நூல் காய்ந்தால் அறும். அதனால் நெசவுக்கு ஈரக் காற்று வேண்டும். பாவு அறாமல் ஓடும் அதே ஈரம்தான் தறி ஓட்டுகிறவரின் வியர்வையைக் காயவிடாமல் நிறுத்துகிறது. வெளியே வெயில் எத்தனை என்று கேட்டு இந்தக் கூடத்தின் ஆபத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நம் உடம்பு பழகிவிட்டது என்பார்கள். பழகும்தான்: 10 முதல் 14 நாளில் வியர்வை சீக்கிரம் சுரக்கும், கூடுதலாகச் சுரக்கும், அதில் உப்பு குறையும். ஆனால் பழக்கம் சுரப்பைக் கூட்டுமே தவிர, காற்றின் ஈரத்தைக் குறைக்காது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டினால் மனித உடல் தாங்காது என்று 2010-ல் ஷெர்வுட், ஹூபர் இருவரும் எழுதினார்கள். 2022-ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரமான சூட்டில் 31-ஐ ஒட்டியே உடல் வெப்பம் நிற்காமல் ஏறத் தொடங்கியது. மேலே சொன்ன மாலைக் காற்றில் ஈரத்துணி வெப்பமானி காட்டுவது ஏறக்குறைய அதே 31. அந்த 44 டிகிரி மதியத்தில் 25-தான்.

புழுக்கத்தையும் அறிக்கையில் சொல்கிறோமே என்று துறை பதில் சொல்லலாம். சொல்கிறார்கள், 'அசௌகரியம் ஏற்படலாம்' என்று. ஈரப்பதத்தையும் சேர்த்த வெப்பக் குறியீடு 2023-ல் வந்தது, அதுவும் சோதனை முயற்சி என்ற பெயரில். இதயம் தோலுக்கு ரத்தத்தைத் தள்ளித் தள்ளிக் களைக்கும் ஒரு நிலைக்கு அசௌகரியம் என்று பெயர் வைத்தால், மேஸ்திரியும் முதலாளியும் எதற்காக வேலையை நிறுத்துவார்கள்?

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள். மாம்பழமும் கோழியும் சூடா? புரதம் செரிக்கும்போது அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் வெப்பமாவது உண்மை. மாம்பழத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. மோரா, தண்ணீரா? நாள் முழுக்க வியர்ப்பவருக்கு உப்புப் போட்ட மோர். மின்விசிறி போதுமா? காற்றே 40-ஐத் தாண்டினால் உடம்பை நனைத்துக்கொண்டு போடுங்கள். வியர்வை நின்றால்தான் ஆபத்தா? இல்லை; உழைப்பவருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வெப்பத்தாக்கு வரும். பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.