ஊவா வேடர் மொழியின் ஒலி மரபு

ஒரு மொழியின் சொற்கள் மறைந்த பின்னரும் அதன் ஒலி நிலைபெறுதல் கூடுமோ? இவ்வினாவிற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொஸ்லந்தைத் தோட்டங்களிலிருந்து பதுளை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் மலையிறங்கி மகியங்கனையை அடைவர். அதனை அடுத்துள்ள தம்பானை, இலங்கை வேடரின் பழம்பதிகளுள் ஒன்று. வன்னியல எத்தோ, அஃதாவது வனத்தில் வாழ்வோர், என்பது அவர்கள் தம்மை வழங்கும் பெயர்.

வேடர் அனைவரும் ஒரே மொழியினர் அல்லர். கீழ்க்கரையில் வாழ்வோர் தமிழ் பேசுவர். ஊவா வேடரோ சிங்களத்தோடு பெரிதும் ஒத்த ஒரு மொழியைத் தம்முள் வழங்கினர். செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டில் வேடரைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். சுகதபால த சில்வா 1972இல் வேடர் மொழி குறித்துத் தனிநூல் இயற்றினார். அதனை ஒரு கலப்பு மொழியாகக் கொண்டு தர்மதாச 1974இல் ஆராய்ந்தார். சிங்களத்தோடு கலக்குமுன் வேடர் பேசிய ஆதிமொழி எக்குடும்பத்தது என்பது இன்றுவரை துணியப்படவில்லை.

ஆயினும் ஒலி ஒரு குறிப்புத் தருகின்றது. நாவின் இடைப்பகுதி அண்ணத்தைப் பொருந்தச் சகரமும் ஞகரமும் பிறக்கும் எனத் தொல்காப்பியர் கூறுவார். ‘பச்சை’ என்னுஞ் சொல்லில் நாம் கேட்பது இவ்வல்லோசையே. வடமொழிச் சொற்களில் இருந்த இவ்வொலி, சிங்களத்தின் வழிவந்த சொற்களில் ஸகரமாகிப் பின்னர்ப் பெரும்பாலும் ஹகரமாயிற்று. ‘சந்திர’ என்பது ‘ஸந்த’, ‘ஹந்த’ எனவும், ‘சோர’ என்பது ‘ஹொரா’ எனவும் திரிந்தமை காண்க.

வேடர் மொழியிலோ சிங்களத்தினும் மிகுதியாகச் சகர வல்லோசையும் ஜகரமும் பயில்கின்றன. அஃறிணைப் பெயர்களின் ஈற்றில் வரும் ‘பொஜ்ஜ’, ‘கெஜ்ஜ’, ‘ராச்ச’ முதலிய ஒட்டுகளால் இவ்வோசை மேலும் பெருகுகின்றது. நீரை அவர்கள் ‘தியராச்ச’ என்பர். இதன் முற்பகுதி சிங்களச் சொல். பிற்பகுதி வேடர் வழக்கு. எனவே அயலார் சொல்லை ஏற்றபோதும், ஆதிமொழி பேசிப் பழகிய நா தன் பழைய ஓசையைக் கைவிடவில்லை என்று கருத இடமுண்டு. இது முடிந்த முடிபன்று. ஏனெனில் ஒப்புநோக்க அவ்வாதிமொழி எஞ்சவில்லை.

நீலகிரித் தோடரின் நிலை இதனின் வேறு. அவர்கள் தம் திராவிட மொழியை இழந்திலர். எமனோ என்னும் அறிஞர் 1935 முதல் 1938 வரை அங்குத் தங்கி அம்மொழியை நேரிற் கேட்டு எழுதினார். ஸகர இனத்தில் மட்டும் நால்வகை ஒலிகளைத் தோடர் வேறுபடுத்துவர் என்பது இன்று தெளிவு. பேசுவோர் இருந்தனர், கேட்போரும் காலத்தே வந்தனர். ஊவாவிலோ கேட்போர் வருமுன்னரே ஆதிமொழி மறைந்தது.

எஞ்சியதும் தேய்கின்றது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது வேடர் பலர் தம் வேட்டைக்காட்டை விட்டு அகல நேர்ந்தது. வேட்டையும் தேனெடுப்பும் குன்றினால் அவற்றிற்குரிய சொற்களும் வழக்கொழியும் அன்றோ? தம்பானைத் தலைவர் திசாஹாமி 1998இல் காலமானார். சிறுவர்கள் சிங்களத்திலேயே கல்வி பயில்கின்றனர்.

மாணவர்கள் ஈண்டு உளங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. நம் ‘ச’ என்னும் ஓரெழுத்து, ‘பச்சை’ என்பதன் வல்லோசையையும் ‘பசி’ என்பதன் மெல்லோசையையும் ஒருங்கே குறிக்கும். எழுத்தை மட்டும் நம்பி வேடர் சொல்லைப் பதிவோர், அம்மொழியின் தனிச்சிறப்பையே இழப்பர். ஆதலின் தம்பானை செல்வோர் முதியோரை அணுகி, அவர்தம் இசைவுடன் குரலையே பதிவு செய்தல் வேண்டும். ஏடு காவாத மொழியைச் செவியே காத்தல் கூடும்.