பல்லில் தெரிந்த பாறை

2010-ஆம் ஆண்டு. பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் பட்டதாரி ஆசிரியராக வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. எட்டாம் வகுப்பில் உடல்நலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவனின் பற்கள் கண்ணில் பட்டன. முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள். "காலையில பல்லு தேய்க்கிற பழக்கமே இல்லையாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். வகுப்பு சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பலர் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் மட்டும் எழுந்து, "தேய்க்கிறேன் சார். செங்கல் தூள் வச்சிக்கூட தேய்ச்சிப் பாத்துட்டேன் சார்" என்றான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் அவனுடைய ஆயா அவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். என்னிடம் சண்டை போடவில்லை. "வாத்தியாரே, இந்த ஊருல பொறந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் பல்லு இப்படித்தான். எனக்கு இல்ல பாருங்க. நான் வாக்கப்பட்டு வந்தவ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பல் வெள்ளையாகத்தான் இருந்தது.

நான் வேதியியல் பட்டமும் பி.எட்.டும் வாங்கியவன். கும்பகோணம் பக்கம் ஆற்று வண்டலில் வளர்ந்தவன். தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததும் என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. ஆசிரியர் நண்பர்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு கேள்விதான்.

அந்த ஆயா சொன்ன வாக்கியத்தை அறிவியல் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கும். 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் பல் மருத்துவராகப் போன ஃபிரெடெரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்தார். பெரியவர்களான பின் அந்த ஊரில் குடியேறியவர்களுக்கு அது இல்லை. ஆகவே பல் உருவாகும் வயதில் குடிக்கும் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் ஊகித்தார். அந்த 'ஏதோ' ஃபுளூரைடு என்று 1931-இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டறியும்வரை முப்பது ஆண்டுகள் ஆயின. நம் நாட்டில் இந்த நோய் பற்றிய முதல் அறிக்கை 1937-இல் வெளிவந்தது. அதுவும் நம் சென்னை மாகாணத்திலிருந்துதான். அப்போது மாகாணத்தின் பகுதியாக இருந்த நெல்லூர் மாவட்டத்து மக்களை ஆராய்ந்து ஷார்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதினார்கள். அங்கே உழவு மாடுகள் நடக்க முடியாமல் தளர்ந்ததை உழவர்கள்தான் முதலில் கவனித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

ஃபுளூரைடு எங்கிருந்து வருகிறது? ஆலையிலிருந்தோ பூச்சிமருந்திலிருந்தோ வரவில்லை. நம் காலடியில் இருக்கும் கல்லிலிருந்து வருகிறது.

தருமபுரி மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். கறுப்பும் வெளுப்புமாக வரியோடும் நைஸ் பாறையும், கருநீலச் சாயல் கொண்ட சார்னோகைட்டும் இங்கே பரவிக் கிடக்கின்றன. (சார்னோகைட் என்ற பெயர் வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். கல்கத்தாவில் இறந்த ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் சென்னைப் பக்கத்துப் பாறை. அதைக் கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் கல்லுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்.) ஒகேனக்கல் பகுதியில் இருக்கும் கார்பனடைட் என்ற அரிய பாறையின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். இந்தப் பாறைகளில் உள்ள கறுப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அப்படைட் ஆகிய கனிமங்களுக்குள் ஃபுளூரின் சிறிதளவு பூட்டிக் கிடக்கிறது. ஓடை மணலில் பளபளக்கும் காக்காப்பொன்னைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்களே, அந்த மைக்கா இனம்தான். மழைநீர் விரிசல்கள் வழியே இறங்கி இந்தக் கனிமங்களை அரித்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு காலம் பாறைக்குள் தங்குகிறதோ அவ்வளவு ஃபுளூரைடு கரைந்து சேரும்.

இங்கே ஒரு வேதியியல் நுட்பம் உண்டு. தண்ணீரில் கால்சியம் மிகுதியாக இருந்தால் ஃபுளூரைடு அதோடு சேர்ந்து கால்சியம் ஃபுளூரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, பைகார்பனேட் மிகுந்த நீரில் ஃபுளூரைடு படியாமல் கரைந்தே நிற்கும். ஆகவே சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது என்பதற்காக ஒரு தண்ணீரை 'நல்ல தண்ணி' என்று முடிவு செய்துவிட முடியாது. ஃபுளூரைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. குடிநீரில் இருக்கும் அளவில் நாக்குக்கும் தெரியாது.

ஊர்ப் பெரியவர்களிடம் பிள்ளைகளை அனுப்பித் தண்ணீரின் வரலாற்றைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பாடநூலில் இல்லாத பாடம் அதில்தான் கிடைத்தது. முன்பு எல்லாரும் குடித்தது ஏரிக்கரைத் திறந்த கிணற்றுத் தண்ணீர். அதில் நரம்புச் சிலந்தி, வாந்திபேதி பயம் இருந்தது. பிறகு அடிகுழாய் வந்தது. கிருமி இல்லாத தண்ணீர் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். அதில் தவறும் இல்லை. நரம்புச் சிலந்தி ஒழிந்த நாடு என்று 2000-இல் இந்தியா சான்று பெற்றதில் அடிகுழாய்க்கும் பங்குண்டு. பிறகு மழை பொய்த்துக் கிணறுகள் வற்ற வற்ற, போர்வெல் ஆழமாகிக்கொண்டே போனது. நெடுங்காலம் பாறைக்குள் கிடந்த தண்ணீர் குடத்துக்கு வந்தது. ஒரு நோயிலிருந்து தப்பிக்கச் செய்த நல்ல காரியம் இன்னொன்றுக்கு வழிவிட்டதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே கேட்டறிந்து எழுதினார்கள். ஒரு மாணவி தன் குடும்பத்தில் யார் யார் எட்டு வயதுவரை எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று வம்சாவளிபோல் வரைந்து வந்தாள். அவள் அம்மா வேறு ஊரில் பிறந்தவர், அப்பா இதே ஊர். அந்தப் படத்தைப் பார்த்தபோது மெக்கே நினைவுக்கு வந்தார்.

எட்டு வயது ஏன் முக்கியம் என்றால், நிரந்தரப் பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாவது ஏறக்குறைய அந்த வயதுக்குள்தான். அந்தக் காலத்தில் ஃபுளூரைடு மிகுந்தால் எனாமல் முழுதாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் வெளிவந்தபின் அந்தத் துளைகளில் பழுப்பு ஏறுகிறது. கறை மேலே படிந்தது அல்ல, பல்லோடு பிறந்தது. செங்கல் தூளுக்கு அது போகாததன் காரணம் இதுதான். பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகும். அது கறையைவிடக் கொடிது.

"பேஸ்ட்டுல ஃபுளூரைடு போட்டிருக்குன்னு விளம்பரம் வருதே சார்?" என்று கண்டிப்பாக ஒரு பிள்ளை கேட்கும். கேட்க வேண்டிய கேள்வி. சிறிதளவு ஃபுளூரைடு பல் சொத்தையைத் தடுக்கும். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாதபோது 1.5 மில்லிகிராம்வரை அனுமதி. இதைக் கணக்குப் பாடமாகவும் ஆக்கலாம். ஆயிரம் லிட்டர் தொட்டியில் 1.5 மில்லிகிராம் வீதம் என்றால் மொத்தம் எவ்வளவு? வெறும் ஒன்றரை கிராம். ஒரு சிட்டிகை. விடை வந்ததும் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

சோதனை செய்து காட்டவும் வழி உண்டு. கள நீர்ப் பரிசோதனைப் பெட்டியில் ஃபுளூரைடுக்கான கரைசல் இருக்கும். அதில் சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்து சிவந்த நிறத்தில் இருக்கின்றன. ஃபுளூரைடு வந்தால் சாயத்திடமிருந்து சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும். நிறம் மஞ்சள் பக்கம் நகரும். துல்லியமான அளவு வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குத்தான் மாதிரி போக வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஊரின் ஒவ்வொரு அடிகுழாய்க்கும் எண் கொடுத்து வரைபடம் போட்டு, பாட்டிலில் பிடித்து, பெயர்ச்சீட்டு ஒட்டினார்கள். எல்லாக் குழாயும் ஒன்றுபோல் இல்லை என்பது அவர்களுக்குப் பெரிய கண்டுபிடிப்பு. நூறடி தள்ளி இருந்த இரண்டு குழாய்களுக்கு இரண்டு நிறம் வந்தது. பாறையின் விரிசல்கள் அப்படி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணாதீர்கள். நான் ஒருமுறை செய்தது போதும். குழாயை எண்ணுங்கள், கிணற்றை எண்ணுங்கள்.

தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடுமா என்பது தாய்மார்கள் கூட்டத்தில் வந்த முதல் கேள்வி. ஆகாது. தண்ணீர் ஆவியாகும், ஃபுளூரைடு தங்கிவிடும், அடர்த்திதான் கூடும். படிகாரமும் சுண்ணாம்பும் சரியான அளவில் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறை உண்டு. அளவு தெரியாமல் வீட்டில் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். மாடியில் விழும் மழைநீரைச் சுத்தமாகச் சேர்த்தால் அதில் ஃபுளூரைடு பயம் இல்லை. உணவைப் பொறுத்தவரை கால்சியமும் வைட்டமின் சி-யும் உதவும். நம் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்றும் வாங்கித்தர வேண்டியதில்லை, கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் போதும். தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லியைத் தமிழாசிரியர் நடத்தும் வாரத்திலேயே நான் இந்தப் பாடத்தை வைத்துக்கொள்கிறேன். அந்தத் தகடூர்தான் தருமபுரி என்பதே சில பிள்ளைகளுக்குப் புதிய செய்தி. புளியைப் பற்றியும் சொல்லலாம். தினம் 10 கிராம் புளி சேர்த்துக்கொண்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃபுளூரைடு கூடுதலாக வெளியேறியதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-இல் வெளியிட்டார்கள். புளியமரம் சூழ்ந்த மாவட்டத்துக்கு அது சுவையான செய்தி. ஆனால் பல்லில் விழுந்த கறையை எந்த உணவும் அழிக்காது. வெறும் வயிற்றில் கடுந்தேநீர் குடிக்கும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள், தேயிலையிலும் ஃபுளூரைடு உண்டு.

பெரிய மாற்றம் ஆற்றிலிருந்து வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 1,900 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013 மே மாதம் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி வந்தது. பாறைக்குள் தங்காமல் பாறைமேல் ஓடிவரும் தண்ணீர் என்பதால் அதில் ஃபுளூரைடு குறைவு. இன்றும் மின்சாரம் நின்றாலோ குழாய் உடைந்தாலோ சில குக்கிராமங்களில் மக்கள் பழைய அடிகுழாய்க்கே போகிறார்கள். எந்தக் குழாய் குடிக்க, எந்தக் குழாய் துணி துவைக்க என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அங்கே தேவை.

சென்ற ஜூனில் முதல் வகுப்புச் சேர்க்கைக்கு ஓர் இளைஞர் மகளுடன் வந்தார். சிரித்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. செங்கல் தூள் வைத்துத் தேய்த்த அந்த மாணவன். நான் பழையதைச் சொல்லி வருந்தினேன். "அதெல்லாம் மறந்துட்டேன் சார்" என்றார். மறந்திருக்கமாட்டார். அந்தப் பெண்குழந்தைக்கு முன்பல் ஒன்று விழுந்து இடைவெளி தெரிந்தது. விழுந்தது பால்பல். புதிய பல் இன்னும் தலைகாட்டவில்லை. "பொறந்ததுல இருந்து ஒகேனக்கல் தண்ணிதான் சார் குடிக்கிறா. மொளைக்கட்டும், பாப்போம்" என்றார்.